லெவல் பூஸ்ட் வாங்கியும் அணில் அடித்த கதை

ஏற்காட்டில் மழை விடாத ஒரு வாரத்தில் காசு கொடுத்து லெவலை ஒரேயடியாக ஏற்றிக்கொள்ளும் 'லெவல் பூஸ்ட்' வேலையில் இறங்கினேன். சேலத்தில் இருக்கும் அக்காள் மகன் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இணைய விளையாட்டில் உச்ச லெவலில் இருந்தான். "மாமா, நீங்கள் வந்து சேர்வதற்குள் எனக்குக் கல்லூரி முடிந்துவிடும்" என்றான். ரோஷம் வந்துவிட்டது.

கணக்கு தொடங்குவது, கேமை நிறுவுவது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மலைமேல் இணைப்பு மெதுவாக இருந்தால் மடிக்கணினியைக் கீழே கொண்டுபோங்கள். நான் அஸ்தம்பட்டியில் அக்காள் வீட்டில்தான் இறக்கிக்கொண்டேன். தட்டுவடை செட்டும் கிடைத்தது.

படி 1: கார்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபருக்குப் பின் வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, சிறிய வரம்பு வைத்து, வாங்கியதும் மூடிவிடுங்கள். மூன்று முறை பணம் மறுக்கப்பட்ட பிறகே எனக்கு இது உறைத்தது.

படி 2: இலவசச் சோதனைக் கணக்கில் பூஸ்ட் செல்லாது. முழுப் பதிப்புக்கு மாறிவிட்டால் பழைய இலவசக் கணக்குக்குத் திரும்பவும் முடியாது. அந்த இலவசத்திலேயே லெவல் 70 வரை ஆடலாம் என்பதால், அவசரம் இல்லாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

படி 3: நான் சறுக்கிய இடம். விளையாட்டின் இணையக் கடையான மாக் ஸ்டேஷனில் இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று ஒரே ஒரு ஜாபின் (கேரக்டர் ஏற்கும் போர்ப் பாத்திரம்) லெவலை உயர்த்தும். இன்னொன்று முக்கியக் கதையைத் தாண்டவைக்கும். நான் முதலாவதை மட்டும் வாங்கினேன். லெவல் 80 வந்தது, மின்னும் கவசமும் வந்தது. ஆனால் இந்த விளையாட்டில் புதிய ஊர்களையும் பெரும்பாலான டஞ்சன்களையும் (குழுவாகச் சண்டைபோடும் இடங்கள்) திறப்பது கதைதான், லெவல் அல்ல. கதையில் பிறகு வரும் இஷ்கார்ட் நகரின் கோட்டை வாசல் எனக்குத் திறக்கவே இல்லை. தொடக்க ஊரான கிரிடானியாவின் காட்டில், அவ்வளவு பெரிய வாளை வைத்துக்கொண்டு, முதல் லெவல் அணில்களை அடித்துக்கொண்டிருந்தேன். மருமகன் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டான்.

நண்பர்களோடு உடனே சேரவேண்டும் என்றால் இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் கதைக்கும் கொடுக்காதீர்கள், லெவலுக்கும் கொடுக்காதீர்கள். கதையை ஆடினால் லெவல் தானாக ஏறும். கதையைத் தாண்டியவர்கள் விட்டுப்போன காட்சிகளை விளையாட்டுக்குள் வரும் விடுதி அறையில் உள்ள புத்தகத்தில் பிறகு பார்க்கலாம்.

படி 4: வாங்கும்போது கேரக்டரின் பெயரை இருமுறை பாருங்கள். பொருள் விளையாட்டுக்குள் தபாலாக வரும். தபால் கொண்டுவரும் மூகிள் என்ற குட்டிப் பிராணியிடம் வாங்கி, பயன்படுத்தினால் முடிந்தது.

படி 5: திரை நிறையத் திறன் பொத்தான்கள் வந்து நிற்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாலைந்தாகத் திரும்ப வையுங்கள். விசைப்பலகையைவிடக் கன்ட்ரோலரே எனக்குக் கைக்கு அடங்கியது. குழுவினரைக் குணப்படுத்தும் ஹீலராகத் தொடங்காதீர்கள், உங்கள் தடுமாற்றத்தில் நால்வர் குழுவின் மற்ற மூவரும் சாவார்கள்.

பின்சேர்க்கை: வெளியாட்களிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து லெவல் ஏற்றிக்கொள்ளலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். விதிமீறல் அது, கணக்கே முடக்கப்படலாம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: 2014-இல் அங்கே லெவல் 90 பூஸ்டை 60 டாலருக்கு விற்றார்கள். அந்த விலையைக் கேட்டதிலிருந்து அந்தப் பக்கமே நான் போகவில்லை.