முட்டிக்கு வலு: காலைத் தூக்கும் முன் தொடையை இறுக்குங்கள்

படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று போனால், பல பிசியோதெரபிஸ்டுகள் முதலில் கொடுப்பது மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கும் பயிற்சிதான். எனக்கும் அதையே கொடுத்தார்கள். முட்டியை மடக்காமலேயே தொடையின் முன்தசைக்கு வேலை கிடைப்பதால், வலி உள்ளவர்களுக்கும் இது ஓரளவு தோதானது.

முட்டி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டாலோ முதலில் மருத்துவர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தாமதிக்கவே கூடாது, உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அவர்களுக்குச் சொன்னதை மட்டும் செய்யட்டும்.

தேவையானவை ஒரு பாயும் குளியல் துண்டும். மெத்தை வேண்டாம், கால் அமுங்கிவிடும். இதற்கென்று நீ கேப் (முட்டியில் மாட்டும் உறை) வாங்குவது என் கணக்கில் வீண் செலவு.

மல்லாந்து படுங்கள். பயிற்சி செய்யாத காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு தூக்கினால் முதுகு வளைந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இனி இறுக்குவது. பலரும் சறுக்குவது இங்கேதான், எனக்கும் இதுதான் நெடுநாள் பிடிபடவில்லை. துண்டைச் சுருட்டி, நீட்டிய காலின் முட்டிக்கு அடியில் வையுங்கள். பாத விரல்களை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, முட்டியால் துண்டைக் கீழே அழுத்துங்கள். முட்டிச் சில்லு லேசாகத் தொடைப் பக்கம் ஏறும். சில்லுக்கு மேலே, உள்பக்கமாகக் கைவைத்துப் பாருங்கள். தசை கெட்டிப்பட வேண்டும். அங்கே கொழகொழவென்று இருந்து பின்பக்கம் மட்டும் இறுகினால், தொடை இன்னும் வேலைக்கு வரவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காலைத் தூக்க இடுப்பின் முன்தசையே போதும். தொடை சும்மா இருந்தாலும் கால் மேலே வந்துவிடும். அதிலும் முட்டி வீங்கியிருந்தால் தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையே மங்கிவிடுகிறது. அதனால் இறுக்குவது கைவரும் வரை தூக்கவே வேண்டாம். 5 நொடி இறுக்கி விடுவது, அப்படி 10 முறை. அதுவும் பயிற்சிதான்.

பிடிபட்டதும் துண்டை எடுத்துவிட்டு, முதலில் இறுக்கி, இறுக்கம் விடாமல் காலைத் தூக்குங்கள். மடக்கிய முட்டியின் உயரம் போதும். 5 நொடி நிறுத்தி, தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். தூக்கும்போது முட்டி லேசாக மடிந்தால் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம். உயரத்தைக் குறையுங்கள்.

ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினம் ஒரு வேளை. சுலபமானதும் இரண்டு, மூன்று சுற்று. மூன்று சுற்றும் முட்டி மடியாமல் வந்தால்தான் கணுக்காலில் அரைக் கிலோ எடை. கடையில் விற்கும் ஒட்டுப்பட்டை எடையே நல்லது. பையில் மணலைக் கட்டினால் அது நழுவுவதைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும்.

மறுநாள் தொடை வலித்தால் பரவாயில்லை. முட்டிக்கு உள்ளே சுருக்கென்று குத்தினாலோ காலையில் வீங்கியிருந்தாலோ, வீக்கம் வடிந்த பிறகு பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். குறையாவிட்டால் காட்டிவிடுங்கள். வித்தியாசம் தெரியப் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஆகும்.

பின்னர் சேர்த்தது: தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். மெத்தையை எடுத்துவிட்டு மரக்கட்டிலில் செய்யலாம். அதுவும் முடியாதென்றால், நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நீட்டித் தொடையை இறுக்கி 5 நொடி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.