கீழ்த்தளத்தில் பாத்ரூமா? முதலில் டியூப் லெவலை எடுங்கள்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். கார் நிறுத்தும் இடத்தோடு சேர்த்து தரைக்குக் கீழே ஒரு அறை, அதில் ஒரு பாத்ரூம். பிளம்பிங் வேலை எடுத்திருந்த தம்பி கம்மோடு எங்கே, ஷவர் எங்கே, கீசர் எங்கே என்று சுவர் முழுக்க சாக்பீஸில் அழகாகக் குறித்து வைத்திருந்தான். "சரி தம்பி, போற தண்ணி எங்க போவுது?" என்றேன். "வெளிய சேம்பருக்குத்தாங்ணா." சேம்பர், அதாவது கழிவுத் தண்ணீர் போய்ச் சேரும் மூடி போட்ட குழி, எத்தனை அடி ஆழம் என்று கேட்டதும் தலையைச் சொறிந்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் நான் சொறிந்த அதே சொறி.

தரைக்குக் கீழே பாத்ரூம் வைக்கும்போது நடக்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஜாயிண்ட்டில் பசை சரியாகத் தடவாதது, மட்டமான பைப் வாங்குவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். இன்னொன்று, நம் ஊர் கொத்தனார் பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே எழுப்புவது. இன்ஜினியர் பேஸ்மெண்ட் என்றால் தரைக்குக் கீழே தோண்டுவது. போனில் பேசும்போது இந்த ஒரு வார்த்தையிலேயே பாதி குழப்பம் வந்துவிடும். நான் கீழ்த்தளம் என்றே சொல்கிறேன்.

தரையைப் போட்டுவிட்டு தண்ணீருக்கு வழி தேடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஏற்காட்டில் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடு போலத் தெரியும், சரிவில் இறங்கினால் கீழே இன்னொரு தளம் இருக்கும், ஒரு பக்கம் மண், மறு பக்கம் காப்பிச் செடி. நான் மாட்டிக்கொண்ட வீடும் அப்படித்தான். உறிஞ்சும் லாரி வந்து நிற்க வசதியாக செப்டிக் டேங்கை ரோட்டோரமாகவே கட்டி முடித்திருந்தார்கள். நான் கீழே நாலு இஞ்ச் பைப்பைப் பதித்து, கான்கிரீட் போட்டு மூடி, டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. டேங்கோடு இணைக்கப் போன அன்றைக்குத்தான் டியூப் லெவல் பிடித்தேன், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரண்டு இடத்திலும் பிடித்து மட்டம் பார்த்தேன். டேங்கின் வாய், அதாவது பைப் உள்ளே நுழையும் இடம், பாத்ரூம் தரையைவிட இரண்டரை அடி மேலே இருந்தது!

கண்ணால் பார்த்து "கீழதான் இருக்கு" என்று நம்பியிருந்தேன். மலைச் சரிவில் கண் பொய் சொல்லும், எது மட்டம் என்று ஒப்பிட அங்கே நேரான தரையே கிடையாது. உடைத்தோம். கீழ்ப்பக்கம் புது டேங்க் தோண்டினால் இரண்டு அடியிலேயே பாறை. சேர்வராயன் மலை முழுக்க சார்னோகைட் என்கிற கெட்டியான கல், கடப்பாரைக்கு அசையாது, கம்ப்ரஸர் கொண்டுவந்தோம். அதே நிறத்தில் டைல்ஸ் சேலம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. செலவில் பாதி என் கையிலிருந்து போனது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. நாலு இஞ்ச் பைப்புக்கு 60 அடிக்கு 1 அடி சரிவு கொடுப்பது என் வழக்கம். டேங்க் 40 அடி தள்ளி இருந்தால் 8 இஞ்ச் இறங்க வேண்டும். கம்மோடுக்கு அடியில் பெண்டு (வளைவு), டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிற்கும் இடம்) எல்லாம் போய் பைப் தொடங்குவதே தரைக்கு ஏறக்குறைய ஒரு அடி கீழே. ஆக டேங்கின் வாய் பாத்ரூம் தரைக்கு 20 இஞ்சாவது கீழே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் டேங்கின் இடத்தை மாற்றுங்கள், அல்லது பாத்ரூமையே மாற்றுங்கள். டியூப்பில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் தப்பாகக் காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் உடனே, "அதுக்கென்ன, மோட்டார் போட்டு ஏத்திக்கலாம்" என்பார்கள். ஏற்றலாம்தான். ஆனால் அது சம்ப் மோட்டார் வேலை இல்லை. கெட்டியானதையும் தள்ளக்கூடிய கழிவு பம்ப் வேண்டும், மூடிய குழி வேண்டும், குழிக்குத் தனி வென்ட் (காற்று வெளியேறும் பைப்) வேண்டும், தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்ச் வேண்டும், ஏறினது திரும்பி வராமல் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் அன்றைக்கு அந்த பாத்ரூமைப் பூட்டி வைக்க வேண்டியதுதான். வேறு வழியே இல்லாத இடத்தில் நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மனசில்லாமல்.

மேல் மாடி லைனை கீழ்த்தளத்து லைனோடு சேர்ப்பது

வெளியே அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருப்பதிலேயே தாழ்வான ஓட்டையைத் தேடி வரும். உங்கள் வீட்டில் அது கீழ்த்தளத்து நஹானி டிராப், குளியல் தண்ணீர் போகும் தரை ஓட்டை. மேலே மாமியார் குளிப்பார், கீழே சோப்பு நுரை பொங்கும். மேல் மாடிக்குத் தனி லைன் போட்டு நேராக வெளியே கொண்டுபோங்கள். கீழ்த்தளத்து லைன் சேம்பரில் சேரும் இடத்தில் திறந்து சுத்தம் செய்யக்கூடிய நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வையுங்கள்.

வென்ட் பைப்பை ஜன்னலோரம் நிறுத்துவது

மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டும். அவ்வளவுதான்.

மண் பக்கச் சுவரில் காடி அடிப்பது (பைப் பதிக்கக் குடைவது)

அடிக்காதீர்கள். வாட்டர்ப்ரூஃப் செய்த சுவரைக் குடைந்து பைப் பதித்தால், பிறகு ஈரம் வெளியிலிருந்து வருகிறதா பைப்பிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

புழங்காத டிராப்பை மறப்பது

விருந்தாளி வந்தால்தான் கீழ் பாத்ரூம் திறக்கும். டிராப்பில் நிற்பது 50 மி.மீ. தண்ணீர்தான், சேலத்து சித்திரை வெயிலுக்கு அது எத்தனை நாள் நிற்கும்? வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்கு பிளம்பரைக் கூப்பிட்டு முன்னூறு ரூபாய் கொடுத்தவர்கள் உண்டு, வாங்கியவன் நான்தான்.

மேல் டேங்கின் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காதது

10 மீட்டர் உயரத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மாடியில் சொட்டுச் சொட்டாக வரும் அதே டேங்க், கீழ்த்தளத்தில் மட்டமான ஃப்ளெக்ஸிபிள் ஹோஸைப் பிய்த்துவிடும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஆங்கிள் காக் (தண்ணீரை அங்கேயே அடைக்கும் குழாய்) வையுங்கள்.

தண்ணீர் கட்டிப் பார்க்காமல் மூடுவது

கான்கிரீட்டுக்கு முந்தின நாள் லைனின் கடைசியை அடைத்து, தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு, ராத்திரி விடுங்கள். காலையில் கோடு இறங்கியிருந்தால் கலவை மெஷினைத் திருப்பி அனுப்புங்கள். இறங்கவில்லையென்றால் பைப் எங்கே போகிறது என்று பின்னால் தெரிய, சுவரிலிருந்து அளவு டேப்பை நீட்டி வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டித் தம்பி நேற்று எனக்கு அனுப்பியிருக்கிறான், சேம்பர் நாலடி ஆழம், டேப் கொஞ்சம் கோணல்.