ஜன்னல் ஒழுகுகிறதா? கீழே இருந்து தண்ணீர் அடியுங்கள்

அலுவலகக் கட்டடத்துக் கண்ணாடி ஜன்னல் ஒழுகினால் உடனே சிலிக்கோன் பசையைப் பூசாதீர்கள், முதலில் ஓட்டையைப் பிடிக்க வேண்டும். திறக்காத கண்ணாடிக்கு ஏஏஎம்ஏ 501.2 (அமெரிக்க ஜன்னல் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த முறை) ஹோஸ் சோதனை: அதற்கென்றே உள்ள நாசிலை மாட்டி, 30 முதல் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, கண்ணாடியும் சட்டமும் சேரும் இணைப்பின் ஒவ்வொரு 5 அடி நீளத்துக்கும் 5 நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்தி அடியுங்கள். கட்டாயம் கீழிருந்து மேலேதான் போக வேண்டும், மேலே தொடங்கினால் வழிகிற தண்ணீர் கீழ் இணைப்புகளிலும் புகுந்து, எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாமல் போய்விடும் (அவசரத்தில் பலரும் செய்கிற தவறு இதுதான்). தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்க உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். அப்புறம், சட்டத்தின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி. திறந்து மூடும் ஜன்னலா? அதற்குக் காற்றழுத்தத்தோடு தண்ணீர் தெளிக்கும் ஏஎஸ்டிஎம் (தர விதிகளை வகுக்கும் அமைப்பு) இ1105 முறைதான் சரி.