காகிதக் கூழில் கூடை: பழைய பேப்பரும் வெந்தயமும் போதும்

கைவேலை ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை வந்தவுடனே கடைக்குப் போய் ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிடுகிறோம். அதில் பாதி பிரிக்காமலே அலமாரியில் கிடக்கும். அந்தச் செலவே வேண்டாம். பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருக்கும் கட்டையும் அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தையும் வைத்தே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காகிதக் கூழில் கூடை செய்வதுதான் அது.

நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. புது மூங்கில் முறம் வாங்கினால் அந்தக் காலத்தில் அப்படியே எடுத்துப் புடைக்க மாட்டார்கள். காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, முறத்தில் பூசி, காய்ந்த பிறகுதான் புழக்கத்துக்கு எடுப்பார்கள். இடுக்கெல்லாம் அடைபடும், முறமும் நாள்பட உழைக்கும். அதே கூழைப் பாத்திரத்தின் முதுகில் அப்பிக் கூடையாக எடுத்து, பருப்பும் மிளகாய் வற்றலும் போட்டு வைத்தார்கள்.

மொத்தம் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை ஆகும். பயப்பட வேண்டாம், அதில் நம் கை படுகிற நேரம் மூன்று நான்கு மணிதான். மற்றதெல்லாம் ஊறுவதும் காய்வதும். அதனால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். ஒரே உட்காரலில் முடித்துப் படம் எடுத்துப் போட நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஆரம்பிக்காதீர்கள். மாசியிலிருந்து வெயில் ஏறும் மாதங்களே சரி.

தேவையானவை

25 சென்டிமீட்டர் வாய் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடைக்கு இந்தக் கணக்கு:

பழைய நாளிதழ் – அரை கிலோ
வெந்தயம் – 100 கிராம்
மஞ்சள் தூள் – இரண்டு தேக்கரண்டி
ஒரு கைப்பிடி வேப்பிலை (கிடைத்தால்)
அச்சுக்கு ஒரு பாத்திரம் அல்லது பிளாஸ்டிக் பேசின்
பழைய வேட்டித் துணி
உப்புத்தாள் – 80 நம்பர் ஒன்று, 150 நம்பர் ஒன்று
மைதா, வண்ணம், வார்னிஷ் – இவை கடைசி நாளுக்குத்தான், இப்போதே வாங்க வேண்டாம்

நாளிதழ்தான் நல்லது. பளபளப்பான வார இதழ் அட்டை, கல்யாணப் பத்திரிகை இவற்றின் மேல் பூச்சு இருப்பதால் எத்தனை நாள் ஊறினாலும் சரியாகக் கரையாது. கடை பில் காகிதத்தில் ரசாயனப் பூச்சு உண்டு, அதையும் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டைப் போடலாம், பின்னைப் பிடுங்கிவிட்டு. முட்டை அடுக்கி வரும் அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே கூழில் செய்ததுதான், ஒரே இரவில் கரைந்துவிடும்.

கிழிப்பதும் ஊறவைப்பதும்

கத்தரிக்கோல் வேண்டாம், கையாலேயே கிழியுங்கள். வெட்டினால் நார் அறுந்து ஓரம் மழுங்கிவிடும். கிழித்தால் நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீரை வேகமாகக் குடிக்கும். பேப்பரை ஒரு பக்கமாக இழுத்தால் ஸ்கேல் வைத்ததுபோல் நேராகக் கிழியும், மறுபக்கம் இழுத்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் காகிதம் ஓடுகிற திசையிலேயே நாரும் படிந்திருப்பதுதான் காரணம். நேராகக் கிழியும் பக்கம் எது என்று பார்த்து நீளநீளமாகக் கிழித்துவிட்டு, அப்புறம் அவற்றைத் துண்டுகளாக்கினால் வேலை சீக்கிரம் முடியும். கட்டைவிரல் அகலத் துண்டுகள் போதும். கை கறுப்பாகும், சோப்புப் போட்டால் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம், சந்தோஷமாகச் செய்வார்கள்.

துண்டுகள் மூழ்கும்படி வாளியில் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறவிடுங்கள். தினம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் வாடை வராது, மையும் கொஞ்சம் போகும். பொறுமை இல்லாதவர்கள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் ஒரு நாளில் பதத்துக்கு வந்துவிடும். ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். எழுத்து தெரியாமல் குழைந்தால் அரைக்கலாம். வெந்தயத்தை அரைப்பதற்கு முந்தின இரவு தனியாக ஊறப்போட்டால் போதும்.

அரைப்பது

இதில் வரிசை முக்கியம். காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்தே அரைத்துப் பிறகு பிழிந்தால், பசையாக வேலை செய்ய வேண்டிய வெந்தயப் பிசின் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் முதலில் காகிதம் மட்டும்.

மிக்சியில் அரைப்பதானால் ஒரு கைப்பிடிக் காகிதத்துக்கு ஜாரில் முக்கால்வாசித் தண்ணீர் இருக்க வேண்டும். பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தண்ணீரைக் குறைத்தால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வரும். கிரைண்டர் இருந்தால் இன்னும் சுலபம், கூழும் மிருதுவாக வரும். அச்சு மை ஏறிய காகிதம் என்பதால், சட்னி அரைக்கிற ஜாரில் இதைப் போடாதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஆட்டுக்கல் இன்னும் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அரைத்ததைத் துணியில் ஊற்றி வடிகட்டிப் பிழியுங்கள். வடியும் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் நார் குழாய்க்குள் போய்ப் படிந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். வாசலில் மண்ணிலோ மரத்தடியிலோ ஊற்றிவிடலாம்.

அடுத்து, ஊறிய வெந்தயத்தை வேப்பிலையோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நைசாக அரையுங்கள். நூறு கிராம்தானே என்று நினைக்கக் கூடாது, அரைக்க அரைக்க நுரைத்துப் பொங்கிக்கொண்டு வரும். அதையும் மஞ்சள் தூளையும் பிழிந்த காகிதத்தில் போட்டுக் கட்டியில்லாமல் பிசையுங்கள். கூழை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னொரு முறை பிழியுங்கள். உதிர்ந்தால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

பூச்சிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நோட்டுப் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் மைதாப் பசையில் அதைக் கலப்பது உண்மைதான். ஆனால் அது விஷம். சாப்பாட்டுச் சாமான் போடுகிற கூடைக்கும், பிள்ளைகள் கைவைக்கிற வேலைக்கும் அது கூடவே கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் நல்ல வெயிலும் போதும்.

அச்சில் அப்புவது

வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம்தான் அச்சுக்குச் சரி. குடம்போல் கழுத்து குறுகியதில் முழுக்க அப்பினால் காய்ந்த பிறகு கூடை வெளியே வராது. குடம்தான் இருக்கிறது என்றால் கவிழ்த்து வைத்து, அதன் வயிறு எங்கே மிக அகலமோ அதுவரைக்கும் மட்டும் அப்புங்கள்.

பாத்திரத்தைக் கவிழ்த்து, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியைச் சுருக்கம் இல்லாமல் மேலே போர்த்துங்கள். பிறகு எலுமிச்சை அளவு கூழை எடுத்து, அடிப்பாகத்தின் நடுவில் வைத்துத் தட்டுங்கள். அடுத்த உருண்டை முதல் உருண்டையின் ஓரத்தின் மேல் ஏற வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தால் அந்தச் சந்தில்தான் பின்னால் விரிசல் விடும். இப்படியே சுற்றிச் சுற்றிக் கீழே விளிம்பு வரை வாருங்கள்.

கனம் சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். காயும்போது அது பாதியாக வற்றிவிடும். கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அதில் ஒரு சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுக்கொண்டு, அங்கங்கே குத்திப் பாருங்கள். பழகாத கை அடிப்பாகத்தில் தடிமனாகவும் பக்கவாட்டில் மெலிதாகவும் அப்பிவிடும், அதனால் பக்கங்களில் கூடுதலாகக் குத்திப் பார்ப்பது நல்லது. விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிமனாகவே இருக்கலாம், அங்கேதான் அடிக்கடி கை படும். கடைசியில் உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டு மேலே நீவிவிடுங்கள். இப்போது செலவழிக்கிற ஐந்து நிமிடம், நாளைக்கு உப்புத்தாள் தேய்க்கிற அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

காயவைப்பது

கூடை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கூழ் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் பாத்திரம் சுருங்காது. எடுத்தவுடனே உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் சட்டென்று இறுகி வெடிக்கும். அதனால் முதல் நாள் முழுக்கக் காற்றோட்டமான நிழல். இரண்டாம் நாள் காலை வெயிலும் மாலை வெயிலும். வெளிப்பக்கம் தொட்டால் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் லேசாக அமுங்குகிற பதத்தில் அச்சிலிருந்து கழற்றிவிடுங்கள். துணியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கூடை தானாகக் கழன்று வரும். துணியை உரித்துவிட்டு, உள்பக்கம் வெயில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். வாய் கோணியிருந்தால் இப்போதே கையால் வட்டமாக்கிவிடலாம், காய்ந்த பின் முடியாது.

அதற்கப்புறம் எவ்வளவு வெயிலும் தாங்கும். மூன்று நான்கு நாள் காயட்டும். ராத்திரியில் பனியில் விடாமல் உள்ளே எடுத்துவையுங்கள். மொட்டைமாடியில் வைத்தால் அணிலும் காக்கையும் வந்து கொத்திப் பார்க்கும், மேலே ஒரு கொசுவலைத் துண்டைப் போட்டு வையுங்கள். வெந்தய வாடை நாலு வீட்டுக்கு அடிக்கும். என்ன லேகியம் கிண்டுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த கூடையைத் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும், எடையும் தெரிகிற மாதிரி குறைந்திருக்கும். நடுவில் வெள்ளையாகப் பூசணம் பூத்தால் வெளியில் கொண்டுபோய்த் துடைத்து, கடும் வெயிலில் போடுங்கள். கறுப்பாக உள்ளே வரை இறங்கிவிட்டால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது.

மெருகு

சின்ன விரிசல்கள் இருந்தால் மீந்த கூழைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அடைத்து, மறுபடி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு முதலில் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 150.

இப்படியே நிறுத்தினாலும் அழகுதான். மஞ்சளோடிய சாம்பல் நிறத்தில், அங்கங்கே அரைபடாத ஓர் எழுத்து எட்டிப்பார்க்க, எனக்கு இந்த நிலையில்தான் பிடிக்கும். வண்ணம் வேண்டும் என்றால் மைதாப் பசை காய்ச்சி, வெள்ளைக் காகிதத் துண்டுகளை உள்ளும் புறமும் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். அது காய்ந்த பின் சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷன் ஒரு கை பூசினால் நல்ல அடித்தளம் கிடைக்கும். அதன் மேல் காவி நிறம் அடித்து, மெல்லிய தூரிகையால் வெள்ளை அக்ரிலிக்கில் கோலம் போடலாம். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. கடைசியில் வார்னிஷ் இரண்டு கை. முதல் கை முழுக்கக் காயாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் இதையே பெரும் கலையாக்கி வைத்திருக்கிறார்கள். கூழில் உருவம் செய்யும் வேலைக்குச் சக்தசாஸி என்றும், மேலே சித்திரம் எழுதும் வேலைக்கு நக்காஷி என்றும் அங்கே தனித்தனிப் பெயர், தனித்தனி ஆட்கள். கழுத்துள்ள ஜாடி செய்ய அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது: காய்ந்த ஓட்டைச் சிறு ரம்பத்தால் இரண்டாக அறுத்து அச்சிலிருந்து எடுத்து, பசை போட்டு மறுபடி ஒட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று கூடை செய்து கை பழகிய பிறகு குடத்தில் முயல்பவர்களுக்கு இது உதவும். பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி திருக்கனூருக்குப் போகலாம். அங்கே செய்யும் காகிதக் கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

எதற்கு வைத்துக்கொள்ளலாம்

பூண்டு, சாவிக்கொத்து, நூல்கண்டு, தையல் சாமான், பிள்ளைகளின் கலர் பென்சில் என்று உலர்ந்தது எதையும் போடலாம். வெங்காயம் போட்டால் வாரம் ஒருமுறை கொட்டி வெயில் காட்டுங்கள், அழுகியது ஒன்று கிடந்தாலும் கூடை ஊறிப்போகும். வடகம், வற்றல் போடுவதானால் கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, தூசி தட்டினால் போதும்.

கூடையே பெரிய வேலையாகத் தோன்றுகிறவர்கள், ஒரு மூங்கில் முறத்தில் பூசிப் பார்த்துத் தொடங்கலாம். அச்சும் வேண்டாம், கழற்றுகிற கவலையும் இல்லை. கால் கிலோ காகிதக் கூழை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தேய்த்து, மூங்கில் சந்துகளில் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

கூழ் மீந்தால் வீணாக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துப்போகும். வடை மாதிரி தட்டி வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால், அடுத்த முறை ஊறவைத்து அப்படியே கலந்துகொள்ளலாம். டப்பாவை மட்டும் இறுக்கி மூடுங்கள், வெந்தயம் இருப்பதால் எலி தேடி வரும்.