பிளேடு ஒப்பிடுகிறீர்களா? சிங்கிள் எட்ஜ் ரேசரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பிளேடு மாற்றிய அன்றே கழுத்தில் எரிச்சல் வந்தால், "இந்த பிளேடு நமக்கு ஒத்துக்கல" என்று பாக்கெட்டையே ஓரமாக வைத்துவிடுகிறோம். அன்றைக்கு மாறியது பிளேடு மட்டும்தானா? முந்தைய இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டிருக்கலாம். அவசரத்தில் முகத்தை ஊறவைக்காமல் நுரை போட்டிருக்கலாம். புது சோப்பைத் திறந்திருக்கலாம். ரேசருக்குள் பிளேடு ஒரு மூலையில் மயிரிழை அளவு கோணலாக உட்கார்ந்திருக்கலாம். பிளேடுகளை ஒப்பிடுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். குற்றம் வேறெங்கோ இருக்கும், தண்டனை பிளேடுக்குக் கிடைக்கும்.

"சிங்கிள் எட்ஜ்" என்பது ஒரே அளவு அல்ல

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு எல்லாமே சிங்கிள் எட்ஜ்தான், ஆனால் ஒன்றின் ரேசரில் இன்னொன்று உட்காராது. முதுகில் மடித்த இரும்புப் பட்டையோடு வருவது ஜெம் வகை. அந்தப் பட்டைதான் ரேசருக்குள் பிளேடைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. பட்டை இல்லாத சின்னச் செவ்வகப் பிளேடு இன்ஜெக்டர் வகை. துப்பாக்கியில் ரவை ஏறுவது போல பிளேடைத் தள்ளி ஏற்றும் யோசனையை ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1926-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆர்டிஸ்ட் கிளப் வகை ஜப்பானின் செகி நகரத்தில் தொடங்கிய ஃபெதர் நிறுவனத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய 6 செ.மீ. நீளம், முதலில் சலூன் கத்திக்காகச் செய்தது. நான்காவது நம்மூர் சலூன்களில் தினமும் பார்ப்பது, இருபக்க பிளேடை நடுவில் ஒடித்து மடக்குக் கத்தியில் செருகும் அரை பிளேடு.

ஜெம், இன்ஜெக்டர், ஆர்டிஸ்ட் கிளப் மூன்றும் கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் உள்ளவை. அரை பிளேடு 0.1 மி.மீ. மட்டுமே. தடித்த பிளேடு வளையாமல் விறைப்பாக நிற்கும், மெல்லியது முடியில் பட்டதும் லேசாக அதிரும். அதனால் ஒரு ஆர்டிஸ்ட் கிளப் பிளேடையும் ஒரு அரை பிளேடையும் வைத்துக்கொண்டு "எந்தக் கம்பெனி நல்லது" என்று கேட்பதில் பொருள் இல்லை. அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு ரேசர்கள்தான். கூடவே இன்னொன்று: தடிமன் வேறு, கூர்மை வேறு. தடித்த பிளேடு என்பதால் அது மொட்டையும் அல்ல, மெல்லியது என்பதால் அது கூரும் அல்ல.

ஒரே வகைக்குள்ளும் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபெதரின் ப்ரோ சூப்பர், அதன் சாதாரண ப்ரொஃபெஷனலைவிட ரேசருக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். அடர்ந்த தாடிக்கென்று அப்படிச் செய்தது. இரண்டையும் ஒரே ரேசரில் போட்டுவிட்டு "ப்ரோ சூப்பர் ரொம்பக் கூர், வெட்டுகிறது" என்றால், கூர்மையை அளக்கவில்லை, நீட்டலை அளந்திருக்கிறோம். ப்ரோ கார்டு போன்றவற்றில் முனை நெடுக மெல்லிய காப்பு இருக்கும். அவை காப்புச் சட்டம், அதாவது பிளேடு முனைக்கு முன்னால் தோலைத் தாங்கும் பட்டை, இல்லாத சலூன் கத்திக்கு உரியவை. ஏற்கெனவே காப்புச் சட்டம் உள்ள ரேசரில் போட்டால் காப்பின் மேல் காப்பாகி, முடி பாதி வெட்டுப்படும். பிளேடு மொட்டை என்று தோன்றும்.

இந்தப் பகுதியில் மிக ஆபத்தானது ஒன்று உண்டு. ஜெம் பிளேடைப் போலவே முதுகுப் பட்டையோடு, கண்ணாடியில் ஒட்டிய பெயின்டையும் ஸ்டிக்கரையும் சுரண்டுவதற்கான பிளேடுகள் நூறு நூறாகப் பெட்டியில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பூச்சில்லாத கார்பன் எஃகு. சவர பிளேடின் முனையில் இருக்கும் டெஃப்ளான் வகைப் பூச்சு இவற்றில் கிடையாது, முனையைத் தீட்டியதும் தோலுக்காக அல்ல. விலை குறைவு என்று இவற்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. பெட்டியில் "ஸ்டெயின்லெஸ்", "கோட்டட்", "சவரத்துக்கு" என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளேடு உட்காரும் விதம்

ஒவ்வொரு முறை மாற்றியதும் ரேசரைக் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்தை நோக்கி நேராகப் பிடியுங்கள். வெளியே தெரியும் பிளேடு முனைக்கும் காப்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். அது இடமிருந்து வலம் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகினால் பிளேடு கோணல். அகன்ற பக்கம் கீறும், குறுகிய பக்கம் முடியை விட்டுவிடும். ஜெம் ரேசரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மூலைகளில் உள்ள நிறுத்திகளின் பின்னால் கெட்டியாகிப்போன சோப்பு. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி ஏற்றினால் நேராகிவிடும்.

அரை பிளேடு என்றால் தாள் உறையைப் பிரிக்காமலே இரண்டு ஓரங்களையும் பிடித்து, நீளவாக்கில் மடித்து ஒடிக்க வேண்டும். உறையிலிருந்து எடுத்து ஒடித்தால் விரல் வெட்டுப்படும், முனையும் விரலில் பட்டு மழுங்கும். ஒடித்த இரண்டு பாதிகளில் ஒன்றை இன்றைக்குப் போட்டுவிட்டு மற்றதைக் குளியலறை அலமாரியில் திறந்துவைத்தால், அடுத்த வாரம் இரண்டும் ஒரே பிளேடு அல்ல. ஈரம் அதன் வேலையைச் செய்திருக்கும்.

கோணத்தின் பழி பிளேடு மேல்

இருபக்க ரேசரிலிருந்து மாறுவோர் பழைய கைப்பழக்கத்தையே கொண்டுவருகிறார்கள். ஜெம் ரேசரை அப்படிப் பிடித்தால் முனை தோலைச் சுரண்டும். ரேசரின் தட்டையான தலையை முழுதாகக் கன்னத்தில் படியவையுங்கள். அப்படியே இழுத்துக்கொண்டு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். முடி வெட்டுப்படும் "சரசர" சத்தம் கேட்கத் தொடங்கும் இடம்தான் கோணம். காப்புச் சட்டமே இல்லாத மடக்குக் கத்தியில் தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே 30 டிகிரி அளவில் தொடங்கலாம்.

கோணம் கையில் படியாத முதல் இரண்டு வாரத்தில் எந்த ஒப்பீடும் செல்லாது. ஒரே கம்பெனியின் பிளேடையே தொடர்ந்து போட்டுக் கை பழகட்டும். அழுத்தமும் அப்படித்தான். ரேசரின் எடை மட்டும் போதும். பிளேடு மழுங்கியதும் கை தானாக அழுத்தத் தொடங்கும், வெட்டுகள் அப்போதுதான் விழும். பல பேர் கூரான பிளேடைக் கண்டு பயப்படுகிறார்கள். காயம் அதிகம் தருவது இழுக்கும் பிளேடு.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பிளேடைச் சோதிக்கும் நாட்களில் மற்ற எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். அதே ரேசர், அதே சோப்பு, அதே பிரஷ். கடைசி ஷேவிலிருந்து அதே 24 மணி நேரம். மூன்று நாள் முடியை வெட்டிய பிளேடையும் ஒரு நாள் முடியை வெட்டிய பிளேடையும் பக்கத்தில் வைக்க முடியாது. குளித்த பிறகு, அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்த பிறகு தொடங்குங்கள். நீர் குடித்த முடி மெத்தென்று ஆகி எளிதில் வெட்டுப்படும். காய்ந்த முடி கம்பி. முடி படியும் பக்கம் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அத்துடன் நிறுத்துங்கள். எதிர்த்து மழிப்பதைச் சோதனைக் காலத்தில் விட்டுவிடுவது நல்லது. சுருட்டை முடிக்காரர்களுக்கு எதிர் மழிப்பில் முடி உள்ளேயே வளைந்து வளர்ந்து பருப்பருவாக எழும்பும், அந்தத் தோலில் எந்த பிளேடும் கெட்டதாகத்தான் தெரியும்.

தண்ணீரைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து, நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். அதே சோப்பு ஆற்றுத்தண்ணீர் வரும் ஊரில் வெண்ணெய் போல வழுக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது போட்ட பிளேடு "அருமை" என்றும், திரும்பி வந்து போட்டது "மோசம்" என்றும் தோன்றினால், முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். உப்புத்தண்ணீர் வீடுகளில் நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துவைத்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே ஷேவில் தீர்ப்பு எழுதுவது

இதுதான் மிகப் பெரிய தவறு, இதைச் செய்யாதவர்கள் குறைவு. சில பிளேடுகள் முதல் நாள் சுருக்கென்று இருந்து, இரண்டாம் நாளிலிருந்து பட்டுப்போல ஓடும். சில முதல் நாள் மயக்கிவிட்டு மூன்றாம் நாளே இழுக்கும். முதல் ஷேவை மட்டும் பார்த்தால் இரண்டாவது வகை ஜெயித்துவிடும்.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஜியான்லூகா ரோஷ்யோலி, செம் டாசன் முதலானோர் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பார்த்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மெத்தென்றது. அது உரசி உரசி முனையைத் தேய்ப்பதைவிட, முனையிலிருந்து நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுவதைத்தான் அவர்கள் கண்டார்கள். முடி பிளேடுக்குச் சாய்வாகப் படும்போதும், எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் மாறுபடும்போதும் அந்தச் சில்லு பெயர்கிறது. இதிலிருந்து ஒப்பீட்டுக்கு வேண்டியது ஒன்று: உள்ளமைப்பில் சிறு வேறுபாடு எந்த எஃகிலும் உண்டு, ஒரே பாக்கெட்டின் இரண்டு பிளேடுகள்கூட ஒரே மாதிரி வயதாக வேண்டும் என்பதில்லை.

ஆகவே ஒரு கம்பெனிக்குக் குறைந்தது மூன்று பிளேடு. ஒவ்வொன்றையும் இழுக்கத் தொடங்கும் வரை போடுங்கள். முதல் பிளேடே கோரமாக இருந்தால் மட்டும் உடனே எடுத்துவிட்டு, அதே பாக்கெட்டின் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் ஒதுக்கலாம். நடுவில் பிளேடைக் கழற்றி வேறொன்றைப் போட்டு மறுபடி பழையதை ஏற்றாதீர்கள், உட்காரும் இடம் மாறிவிடும். முடிந்ததும் ரேசரைக் குழாயில் அலசி, உதறி, காற்றில் காயவிடுங்கள். துண்டால் பிளேடைத் துடைத்தால் முனை நூலில் மாட்டி மழுங்கும்.

பாதி முகம், பாதி முகம்

இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று என்று ஒரே நாளில் சோதிப்பது நல்ல யோசனைதான், ஒரே மாதிரி இரண்டு ரேசர் இருந்தால். ஆனால் வலதுகைக்காரருக்கு இடது கன்னத்தில் கை வளையும் விதமே வேறு, முடி படியும் திசையும் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. அதனால் மறுநாள் பக்கத்தை மாற்றுங்கள். நான்கு ஷேவில் ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முறை வந்துவிடும். வீட்டில் பழகிய கை ஒன்று இருந்தால் பிளேடை அவர்களே ஏற்றி, ரேசர் பிடியில் சிவப்பு நூலும் பச்சை நூலும் கட்டித் தரட்டும். எந்த நூல் எந்தக் கம்பெனி என்பது நான்காம் நாள் தெரிந்தால் போதும். விலையும் பெயரும் தெரிந்துவிட்டால் முகம் நேர்மையாகப் பேசாது.

குறிப்பேட்டில் "நல்லா இருந்தது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உதவாது. இழுத்ததா, எரிந்ததா, எத்தனை வெட்டு, எட்டு மணி நேரம் கழித்துக் கன்னத்தில் விரல் வைத்தால் சொரசொரப்பு எவ்வளவு என்று நான்கையும் தனித்தனியே எழுதுங்கள். இழுப்பு கூர்மையைச் சொல்லும், எரிச்சல் மென்மையைச் சொல்லும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்கக் கூடாது.

எரிச்சலை அளக்கச் சலூன்காரரின் படிகாரக் கல்லைவிட நல்ல கருவி இல்லை. ஷேவ் முடிந்து குளிர்ந்த நீரில் முகம் கழுவி, நனைத்த படிகாரத்தை மெதுவாகத் தடவுங்கள். எங்கே சுருக்கென்கிறதோ அங்கே தோல் உரிந்திருக்கிறது. தாடை ஓரத்திலும் குரல்வளை மேட்டுக்குக் கீழேயும் மட்டும் சுருக்கென்றால் அது கோணக் குறை. கன்னத்தின் சமதளத்திலும் பரவலாக எரிந்தால்தான் பிளேடைச் சந்தேகிக்க வேண்டும்.

விலையை ஒரு பிளேடுக்குப் பார்க்காமல் ஒரு ஷேவுக்குப் பாருங்கள். பிளேடு 50 ரூபாய், சுகமாக 12 ஷேவ் வந்தால் ஒரு ஷேவ் 4 ரூபாய் 17 காசு. 4 ரூபாய் பிளேடை ஒடித்து ஒவ்வொரு பாதியிலும் 3 ஷேவ் எடுத்தால் 67 காசு. இங்கே "சுகமாக" என்ற சொல்தான் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த கடைசி இரண்டு ஷேவைக் கழித்துவிடுங்கள்.

நண்பர்களுக்குள் பிளேடு பகிர்ந்து சோதிப்பதானால் உறை பிரிக்காததை மட்டும் கொடுங்கள். ஒருவர் முகத்தில் பட்டது இன்னொருவர் முகத்துக்குப் போகவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும், மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றுவதற்கு. சோதனையில் பிளேடு வழக்கத்தைவிட வேகமாகச் சேரும். மூடியில் ஒரு கீறல் போட்ட தகர டப்பாவில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் கீறலை அடைத்து, மேலே "பிளேடு" என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.