வெடித்த கரிசலும் ஊறிய கரிசலும் ஒன்றல்ல: வெள்ளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி பக்கம் மே மாதத்தில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பெய்கிற கோடை மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். அதே மண் பருவமழையில் நன்றாக ஊறினால் வெடிப்பு மூடி, மெழுகிய களம்போல் ஆகிவிடும். பிறகு விழுகிற மழையில் பெரும்பகுதி வாய்க்காலுக்குத்தான் ஓடும். சித்தூர் தாலுகா ஆறுகளுக்கு வெள்ளம் கணிக்கும் பலரும் இந்த இரண்டு மண்ணுக்கும் ஒரே இழப்பு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு அதுதான்.

இழப்பு என்பது பெய்த மழையில் இலையும் பள்ளமும் வரப்புக்குள் நிற்கும் வயலும் மண்ணும் பிடித்துக்கொள்ளும் பங்கு. மீதிதான் வெள்ளமாக ஆற்றுக்கு வரும். இதைக் கணக்கிட நம் பொறியாளர்கள் அதிகம் நம்புவது அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை வகுத்த கர்வ் நம்பர் முறை. மண், நிலப் பயன்பாடு, ஈரம் ஆகியவற்றைப் பார்த்து நிலத்துக்கு 100 வரை ஓர் எண் கொடுப்பார்கள்; எண் கூடக் கூட ஓடும் நீரும் கூடும். ஒரு நிலத்துக்குச் சராசரி ஈரத்தில் 80 என்ற எண் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. மழைக்குச் சுமார் 50 மி.மீ. ஓடும். நிலம் காய்ந்திருந்தால் எண் 63 ஆகிறது, 22 மி.மீ.தான் ஓடும். ஊறியிருந்தால் எண் 91, ஓடுவது 75 மி.மீ. மழை மாறவில்லை, நிலம் மாறவில்லை. முந்தைய ஐந்து நாள் மழை மட்டுமே மாறியது. அதற்கே வெள்ளம் மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிட்டது.

2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2,346.6 மி.மீ. மழை பெய்தது. வழக்கமான அளவு 1,649.5 மி.மீ. ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கொட்டிய பெருமழை, ஏற்கெனவே ஊறித் ததும்பிய நிலத்தின் மேல்தான் விழுந்தது. பருவத்தின் முதல் மழையை வைத்து இழப்பைச் சரிபார்த்துவிட்டு, அதே எண்ணை இத்தகைய ஆகஸ்ட் மழைக்கும் பயன்படுத்தினால், அந்த வெள்ளக் கணக்கை நம்பிக் கட்டும் பாலத்தின் உயரமே தவறாகிவிடும்.

இதோடு சேர்ந்து வருவது வெள்ளம் கணிக்கும் மென்பொருள் தானாகப் போடும் 0.2 என்ற தொடக்க இழப்பு விகிதம். நிலம் பிடித்துவைக்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு, ஓட்டம் தொடங்கும் முன்பே இழப்பாகிறது என்பதே அது. அதை மாற்றலாம் என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சராசரி ஈரமோ அதற்கு மேலோ உள்ள கரிசலுக்கு 0.1, காய்ந்த கரிசலுக்கும் மற்ற மண்ணுக்கும் 0.3 என்று நம் நாட்டு நடைமுறையே பிரித்துச் சொல்கிறது.

மழையின் நேரப் பங்கீட்டிலும் கவனம் தேவை. மூன்று மணி நேரத்தில் கொட்டிய 60 மி.மீ. மழையை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பரப்பினால் மணிக்கு 2.5 மி.மீ. ஆகும். மண் மணிக்கு 3 மி.மீ. உறிஞ்சும் என்று வைத்திருந்தால் வெள்ளமே வராது! உண்மையில் 51 மி.மீ. ஓடியிருக்கும்.

இனி அடியோட்டம். மழை நின்ற பிறகும் மண்ணுக்குள்ளிருந்து கசிந்து ஆற்றை ஓட வைக்கும் நீர் அது. பெருவெள்ளத்தில் அது சிறு பங்கு என்று சொல்லிச் சுழியம் போட்டுவிடுகிறார்கள். உச்ச அளவில் பெரும்பாலும் சிறு பங்குதான். ஆனால் அளந்த நீரோட்டத்திலிருந்து அதைக் கழிக்காமல் இழப்பைக் கணக்கிட்டால், ஊற்றிலிருந்து வந்த நீரெல்லாம் மழைநீராகிவிடும், மண் உறிஞ்சியதோ குறைவாகத் தெரியும். அடியோட்டம் வற்றும் விகிதத்தை, அதாவது ஒவ்வொரு கால அளவிலும் முந்தைய நீரில் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்பதை, உள்ளிடும்போது அது நாளுக்கா மணிக்கா என்றும் பாருங்கள். நாளுக்கு 0.9 என்றால் ஒரு நாள் கழித்து 90 விழுக்காடு நீர் இருக்கும். அதையே மணிக்கு என்று கொடுத்தால் 8 விழுக்காடுதான் மிஞ்சும்.

எங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் நேரக்கூடிய தவறு ஒன்றும் உண்டு. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பகுதிக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு தடுப்பணையில் தர வேண்டும். ஆகவே கோடையில் அங்கே ஓடும் நீரில் பெரும்பங்கு, மேலே மதகு திறந்து விட்டது. அதை ஊற்றுநீர் என்று எடுத்துக்கொள்பவர், ஆறு வற்றவே வற்றாது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். அணைத் திறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்த நீரை முதலில் கழித்துவிடுங்கள். கணினிக் கணக்கு மாதிரியில் அதைத் தனி வரத்தாகச் சேர்த்துவிட்டு, எஞ்சிய நீரில் மட்டும் அடியோட்டத்தைத் தேடுங்கள்.