சைக்கிள் சப்பாத்தில் கிளீட் பொருத்துவது எப்படி? முட்டி வலிக்காமல் மிதிக்க ஒரு செய்முறை

முட்டி வலித்தால் எல்லாரும் முதலில் குறை சொல்வது சீட்டை. அடுத்து வயதை. சப்பாத்துக்கு அடியில் இருக்கும் கிளீட்டை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. கிளீட் என்பது சப்பாத்தின் அடியில் திருகாணியால் மாட்டும் சின்னத் துண்டு. அது பெடலில் கொளுவிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் விடுபடும்.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலையும் 4,800 முறை சுற்றுகிறார். பினாங்குத் தீவை ஒரு முறை வலம் வந்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 14,000-ஐத் தாண்டிவிடும். சாதாரணப் பெடலில் பாதம் தனக்குப் பிடித்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். கிளீட் மாட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. கோணலாக மாட்டிய கதவு சாத்தும்போதெல்லாம் கீலைத் தேய்ப்பது மாதிரி, கோணலாக மாட்டிய கிளீட் ஒவ்வொரு சுற்றிலும் முட்டியைக் கொஞ்சம் முறுக்குகிறது. அதனால் இங்கே பின்பற்றப்போகும் விதி ஒன்றுதான்: கால் எப்படி நிற்க விரும்புகிறதோ, அப்படியே கிளீட்டை வையுங்கள். கிளீட்டுக்காகக் காலைத் திருப்பாதீர்கள்.

கடையில் “பாஸ், கிளீட்டும் மாட்டிக் கொடுங்க” என்றால் மாட்டித் தருவார்கள். பெரும்பாலும் நடுவில் வைத்து முடுக்கிவிடுவார்கள். அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். மீதி வேலை வீட்டில் நீங்களே செய்ய வேண்டியது.

என்னென்ன வேண்டும்

4 மி.மீ. ஆலன் கீ, கொஞ்சம் கிரீஸ், ஒரு மார்க்கர், காகித டேப், ஸ்கேல். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி) இருந்தால் நல்லது. நீங்கள் வழக்கமாக ஓட்டும்போது போடும் காலுறையையே போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் இதைச் சாயங்காலம் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு நாள் நடமாடிய பாதம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓட்டும்போதும் அப்படித்தான் இருக்கப்போகிறது.

சப்பாத்தும் பெடலும் இன்னும் வாங்கவில்லையா? ஓட்டிவிட்டுப் பசியாற இறங்கி, பாசாரில் நாலு கடை சுற்றுகிற ஆள் என்றால் கிளீட்டை இரண்டு திருகாணியால் மாட்டும் வகையை வாங்குங்கள். கிளீட் சப்பாத்தின் அடிக்குள் பதிந்திருக்கும், நடக்கலாம். மூன்று திருகாணி வகையில் பாதம் பெடலில் அகலமாக உட்காரும், நீண்ட ஓட்டத்துக்குச் சுகம். ஆனால் கோப்பிக்கடையின் வழவழத் தரையில் வாத்து நடைதான். ரேஸ் போகிறவர்கள் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அதை வாங்க வேண்டியதில்லை.

படி 1: சீட் உயரத்தை முதலில் பாருங்கள்

சீட் தவறாக இருந்தால் கிளீட்டை எத்தனை முறை நகர்த்தினாலும் பயன் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீண்டால் ஏறக்குறைய சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். தொடங்குவதற்கு இந்த அளவு போதும்.

படி 2: எலும்பைக் கண்டுபிடியுங்கள்

எல்லா அளவும் இதிலிருந்துதான் வருகிறது, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

பெருவிரலுக்குப் பின்னால், பாதத்தின் உள்பக்க ஓரத்தில் ஒரு எலும்புப் புடைப்பு இருக்கும். சப்பாத்து போட்டுப் போட்டுத் தோல் தடித்திருக்குமே, அந்த இடம். அதே மாதிரி சுண்டுவிரலுக்குப் பின்னால் வெளிப்பக்கத்திலும் ஒன்று உண்டு, சிறியது, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். முதலில் வெறுங்காலில் தடவிப் பார்த்து இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது காலுறை, சப்பாத்து போட்டு, ஓட்டும்போது இறுக்குகிற அளவுக்கு இறுக்குங்கள். சப்பாத்தின் இரு பக்கமும் காகித டேப் ஒட்டுங்கள். எழுந்து நின்று, உள்பக்கத்தை விரலால் அழுத்தித் தேடுங்கள். கெட்டியான சப்பாத்தில் எலும்பு எளிதில் தட்டுப்படாது. பெருவிரலை மட்டும் மேலே தூக்கித் தூக்கி இறக்குங்கள். விரல் அசையும், அதன் வேரில் உள்ள எலும்பு அசையாது. அசைவு எங்கே நிற்கிறதோ, அங்கே டேப்பின் மேல் ஒரு கோடு. வெளிப்பக்கமும் இதே போல ஒரு கோடு. பிறகு சப்பாத்தைக் கழற்றி, இரண்டு கோட்டையும் சப்பாத்தின் அடிப்பக்கம் வரை இறக்குங்கள்.

இடது காலைத் தனியாக அளக்க வேண்டும். வலதில் கிடைத்த அளவை அப்படியே இடதுக்கு நகல் எடுக்காதீர்கள். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 3: முன்னும் பின்னும்

பெடலின் அச்சு, நீங்கள் போட்ட இரண்டு கோட்டுக்கும் இடையில் வர வேண்டும். மூன்று திருகாணி கிளீட்டின் பக்கவாட்டில் அச்சு வரும் இடத்தைக் காட்டச் சின்னக் கோடு இருக்கும். இரண்டு திருகாணி வகையில் ஏறத்தாழ கிளீட்டின் நடுவே அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் என்றால் சரியாக எங்கே? புதியவர்களுக்கு நான் சொல்வது: நடுவில் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் பின்னால், அதாவது சுண்டுவிரல் எலும்புக் கோட்டின் பக்கம். கிளீட் விரல்களை நோக்கி முன்னால் போகப் போக, குதிகாலைத் தாங்கிப் பிடிக்கும் வேலை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் கூடுகிறது. பாதத்தின் முன்பகுதியில் எரிச்சலும் மரத்துப்போவதும் அதோடு வரும். பின்னால் வைத்தால் திடீரென்று எழுந்து விரட்டும் வேகம் கொஞ்சம் குறையலாம். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக ஏறி பாலிக் பூலாவ் இறங்குகிற நமக்கு அந்த விரட்டல் எங்கே தேவைப்படுகிறது? கெண்டைக்கால் பிழைத்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள். கிளீட்டை நன்றாகப் பின்னால் தள்ளினால் கால் எட்டும் தூரம் கொஞ்சம் குறையும். சீட்டையும் ஓரிரு மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும்.

படி 4: கோணம்

முட்டியை அதிகம் படுத்துவது இதுதான்.

உயரமான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்க விடுங்கள். எதையும் சரிசெய்யாமல் குனிந்து பாருங்கள். பலருக்கு விரல்கள் லேசாக வெளியே திரும்பியிருக்கும். சிலருக்கு ஒரு கால் நேராகவும் இன்னொன்று வெளியேயும் இருக்கும். எதுவானாலும் பரவாயில்லை, அதுதான் உங்கள் கால்.

பெடல் எப்போதும் நேராக முன்னால்தான் பார்க்கும். அதனால் கிளீட்டைத் திருப்பும்போது திசை குழப்பும். சப்பாத்தைக் கவிழ்த்ததும் வலது இடதாகிவிடும் என்பது கூடுதல் தலைவலி. இடது வலதை விட்டுவிட்டு விரலை வைத்து நினைவில் கொள்ளுங்கள்: விரல்கள் வெளியே பார்க்க வேண்டுமானால், கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கம் திருப்புங்கள். விரல்கள் உள்ளே வர வேண்டுமானால், மூக்கைச் சுண்டுவிரல் பக்கம்.

திருப்பியதும் கையால் ஓரளவு முடுக்கி, சைக்கிளில் ஏறி மாட்டிப் பாருங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) தரைக்குச் சமமாக, கால் முன்னால் இருக்கும் நிலையில், குதிகாலை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். கிளீட் விடுபடுவதற்குச் சற்று முன்னால் ஒரு தடை தெரியும். பிறகு வெளியே தள்ளுங்கள், அங்கேயும் ஒரு தடை தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஆட்டம்தான் உங்கள் முட்டிக்குக் கிடைக்கும் சுதந்திரம். காலைத் தளர்த்தி விட்டால் அது அந்த ஆட்டத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கத் தடையில் சாய்ந்து நின்றால் கிளீட்டை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். குதிகால் கிராங்கிலோ சட்டத்திலோ உரசக்கூடாது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு ஆட்டம் என்பது கிளீட்டின் நிறத்தில் இருக்கிறது. சிமானோவின் மூன்று திருகாணி வகையில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு பூஜ்யம். லுக் கியோவில் சிவப்பு 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். கவனித்தீர்களா? ஒரு கம்பெனியில் துளியும் அசையாத சிவப்பு, இன்னொன்றில் ஆக அதிகமாக அசையும் சிவப்பு. “அண்ணே, சிவப்பு வாங்கலாமா?” என்று கேட்டால் எந்தப் பெடல் என்று திருப்பிக் கேட்காமல் யாரும் பதில் சொல்லக்கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் பொருந்தாது. சிமானோ பெடலுக்கு மஞ்சள் போடுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. பூஜ்யம் டிகிரி என்பது தன் கோணத்தைத் துல்லியமாக அறிந்தவருக்கு.

படி 5: பக்கவாட்டு

நடுவில் வைத்துத் தொடங்குங்கள். சைக்கிள் டிரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) இருந்தால் யாரையாவது கைப்பேசியில் முன்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முட்டி ஏறி இறங்கும்போது பாதத்துக்கு நேர் மேலே, இரண்டாம் விரலின் கோட்டை ஒட்டிப் போக வேண்டும். முட்டி வெளியே விரிகிறது என்றால் பாதம் அகல வேண்டும். கிளீட்டைப் பெருவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் சைக்கிளை விட்டு விலகும். முட்டி உள்ளே சாய்ந்து சட்டத்தை உரசுகிறது என்றால் இதற்கு நேர்மாறாகச் செய்து பாருங்கள்.

படி 6: முடுக்குதல்

திருகாணி மரையில் கிரீஸ் தடவுங்கள். வியர்வையும் மழையும் மாறி மாறி இறங்குகிற இடம் அது, கிரீஸ் இல்லாவிட்டால் துருப்பிடித்து அடுத்த தடவை அசையாது. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. சிமானோ சொல்வது 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு கிளீட்டைக் கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக்கூடாது.

அப்புறம், பெடலின் பின்னால், கிளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தை மாற்றும் சின்னத் திருகாணியை ஆகத் தளர்வாக வையுங்கள். முதல் சில நாள் சுலபமாகக் கழன்றால் போதும். சுவர் ஓரமாக நின்று மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், பிறகு புல்தரையில். ஜாலான் பர்மா சிவப்பு விளக்கில் முதல் தடவை முயற்சி செய்ய வேண்டாம்.

படி 7: ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

முதல் ஓட்டம் சமதரையில், குறுகியதாக. குவீன்ஸ்பே கடலோரம் போதும். ஆலன் கீ சட்டைப்பையில் இருக்கட்டும். வலி வந்தால் எங்கே என்று பாருங்கள், இடம்தான் திசை காட்டும்.

முட்டிக்கு முன்னால் என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். முட்டிக்குப் பின்னால் என்றால் சீட் உயரம். இரண்டிலும் கிளீட்டை உடனே தொடாதீர்கள். முட்டியின் உள்பக்கம் வலித்தால், பொதுவாக விரல்கள் அளவுக்கு மீறி வெளியே திரும்பியிருக்கும், அல்லது பாதங்கள் அகன்றிருக்கும். வெளிப்பக்கம் வலித்தால் அதற்கு எதிர். குதிகால் தசைநாணில் இழுப்பும், பாதத்தில் எரிச்சலும் வந்தால் கிளீட்டைப் பின்னால் தள்ளுங்கள். எரிச்சல் மட்டும் என்றால் முதலில் சப்பாத்தின் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள், பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒன்று இரண்டு மில்லிமீட்டர். பின்னால் தள்ளி, திருப்பி, சீட்டையும் ஏற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. தீவு வலம் போவதற்கு முதல் நாள் இரவு எதையும் தொடாதீர்கள். வீக்கம் இருந்தால், குத்துகிற வலி இருந்தால், ஓய்வெடுத்தும் வலி திரும்ப வந்தால், ஆலன் கீயை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பராமரிப்பு

இடம் சரியாக அமைந்ததும் கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, ஒரு படமும் எடுத்து வையுங்கள். கிளீட் தேய்கிற பொருள். கடை முன்னால் ஐந்தடியில் நடந்தே பாதி தேய்ந்துவிடும், அதனால் ரப்பர் உறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். புதியதை மாட்டும்போது அந்தக் கோடு இருந்தால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு தடவையாவது திருகாணிகளைச் சோதியுங்கள். இரண்டு திருகாணி வகையில் ஒன்று விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது சப்பாத்து மட்டும் மீதித் திருகாணியைச் சுற்றித் திரும்பும். கிளீட் பெடலை விடாது. அப்படி நேர்ந்தால் பதறி முறுக்காதீர்கள். சைக்கிளை மெதுவாக்கி, மறுகாலைக் கழற்றி ஊன்றி நில்லுங்கள். சப்பாத்தின் பட்டையை அவிழ்த்துப் பாதத்தை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். பிறகு பெடலில் தொங்கும் சப்பாத்தை நிதானமாகக் கழற்றலாம். சீட்டுக்கு அடியில் உள்ள பையில் ஒரு உபரித் திருகாணியும் 4 மி.மீ. கீயும் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.